சம்ப், டேங்க், டிரம், குடம்: எத்தனை லிட்டர் பிடிக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுகிறவர்கள், தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்கிறவர்கள், பிள்ளைக்குக் கணக்குப் பாடம் சொல்லித்தர உட்காருகிற பெற்றோர் என எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். இங்கே சூத்திரம் கொஞ்சம்தான். டேப்பை எங்கே பிடிப்பது, கணக்கு எங்கே சறுக்கும் என்பதுதான் அதிகம். கொள்ளளவுக் கணக்கில் பெருக்கல் தப்பாவது அபூர்வம். அலகில்தான் தப்பு வரும்.

செவ்வகமான சம்ப் (தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி) எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றும் ஒரே அலகில் இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், ஆழம் 1.8 மீட்டர் என்றால் 2.4 × 1.5 × 1.8 = 6.48 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். ஆக 6,480 லிட்டர்.

புள்ளி வைத்த எண்களோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அளவுகளை டெசிமீட்டரில், அதாவது பத்து சென்டிமீட்டர் கணக்கில் எழுதுங்கள். 2.4 மீட்டர் என்பது 24 டெசிமீட்டர். 24 × 15 × 18 = 6,480. வருகிற விடையே லிட்டர்தான், மேற்கொண்டு எதையும் மாற்ற வேண்டாம். ஒரு கன டெசிமீட்டரும் ஒரு லிட்டரும் ஒன்றே என்பதுதான் காரணம். டெசிமீட்டரைப் பள்ளியில் படித்ததோடு எல்லோரும் மறந்துவிடுகிறோம். தொட்டிக் கணக்குக்கு அதைவிட வசதியான அலகு கிடையாது.

கொத்தனார் அடிக் கணக்கில் சொல்கிறார். அதை லிட்டராக்குவது எப்படி?

அடியிலேயே பெருக்கிக் கன அடி எடுத்துக்கொண்டு 28.3 ஆல் பெருக்குங்கள். 8 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி ஆழம் என்றால் 240 கன அடி. ஏறக்குறைய 6,800 லிட்டர். துல்லியமாக வேண்டுமானால் ஒரு கன அடி 28.3168 லிட்டர். ஒரு அடி சரியாக 30.48 சென்டிமீட்டர் என்பதிலிருந்து வருகிற எண் இது.

இங்கேதான் ஒரு பெரிய குழி இருக்கிறது. அங்குலத்தைப் புள்ளிக்குப் பின்னால் அப்படியே எழுதிவிடுவார்கள். 5 அடி 10 அங்குலம் என்பதை நோட்டில் 5.10 என்று குறித்துவைத்து, பிறகு அதையே கால்குலேட்டரில் தட்டுவார்கள். கால்குலேட்டருக்கு 5.10 என்றால் ஐந்தே கால்கூட இல்லை. பத்து அங்குலம் என்பது 10 ÷ 12 = 0.83 அடி, ஆகவே எழுத வேண்டியது 5.83. மேலே சொன்ன சம்ப்பில் அகலம் 5 அடி 10 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான கணக்கில் 280 கன அடி, சுமார் 7,930 லிட்டர். 5.10 என்று போட்டால் 6,930 லிட்டர்தான் வரும். ஒரே ஒரு புள்ளியில் ஆயிரம் லிட்டர் காணாமல் போகிறது.

வழி என்ன? டேப்பைத் திருப்பிப் பிடித்துச் சென்டிமீட்டர் பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலான டேப்பில் இரண்டு பக்கமும் இருக்கிறது. கொத்தனாருக்கு அடி, கணக்குக்குச் சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சண்டை இல்லை.

அளவை வெளியே எடுப்பதா, உள்ளே எடுப்பதா?

உள்ளே. பூச்சு வேலை முடிந்த பிறகு, உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை. வெளி அளவை வைத்துக் கணக்குப் போட்டால் எவ்வளவு ஏமாறுவோம் என்று பாருங்கள். வெளியே 8 அடிக்கு 5 அடி, சுவர் ஒன்பது அங்குலம் என்றால் உள்ளே மிஞ்சுவது 6.5 அடிக்கு 3.5 அடிதான். தரைப் பரப்பு 40 சதுர அடியிலிருந்து 22.75 சதுர அடியாகச் சுருங்கிவிடும். 6 அடி ஆழத்துக்கு 6,800 லிட்டர் என்று நினைத்த இடத்தில் 3,865 லிட்டர்தான் நிற்கும். உள்பூச்சையும் கழித்தால் இன்னும் குறையும்.

வரைபடத்தில் எழுதியிருக்கும் அளவு உள்ளளவா வெளியளவா என்று தோண்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

கணக்கில் வந்த அத்தனை லிட்டரும் நமக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. மேலே ஓவர்ஃப்ளோ குழாய் இருக்கும் மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்காது. பால் வால்வு, அதாவது மிதக்கும் பந்து வைத்த வால்வு, அதற்கும் கொஞ்சம் முன்பே மூடிக்கொள்ளும். கீழே ஃபுட் வால்வுக்கு, அதாவது மோட்டார் குழாயின் அடி முனையில் உள்ள வால்வுக்கு, கீழ் இருக்கிற தண்ணீரை மோட்டார் இழுக்காது.

இதைக் கணக்கிடச் சுலபமான வழி, ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று ஒருமுறை கண்டுபிடித்து வைத்துக்கொள்வது. முதல் கேள்வியில் வந்த சம்ப்பின் தரை 2.4 × 1.5 = 3.6 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 10 லிட்டர். ஆக இந்தச் சம்ப்பில் சென்டிமீட்டருக்கு 36 லிட்டர். மேலே 20 சென்டிமீட்டர் காலி என்றால் 720 லிட்டர் போயிற்று. அடியில் 15 சென்டிமீட்டர் எடுக்க முடியாது என்றால் இன்னும் 540 லிட்டர். 6,480 லிட்டர் சம்ப்பில் புழங்கக் கிடைப்பது 5,220 லிட்டர்.

அந்த 36 என்ற எண்ணைச் சம்ப் மூடியின் உள்பக்கம் பெயின்டில் எழுதிவையுங்கள். ஒரு நீளக் குச்சியை விட்டு, நனைந்த உயரத்தை அளந்து பெருக்கினால் இருப்பு எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வட்ட டேங்குக்கு?

அடிப் பரப்பு × உயரம் என்பது இங்கேயும் மாறாது. வட்டத்தின் பரப்பு, ஆரம் × ஆரம் × 3.1416. ஆனால் நாம் டேப்பில் அளப்பது விட்டத்தை. அதைப் பாதியாக்க மறந்து அப்படியே வர்க்கம் செய்தால் விடை நான்கு மடங்காகிவிடும். மறதி உள்ளவர்கள் விட்டம் × விட்டம் × 0.785 என்று வைத்துக்கொள்ளலாம்; பாதியாக்குவது அந்த 0.785-க்குள்ளேயே அடங்கிவிட்டது.

மாடியில் நிற்கும் கறுப்பு டேங்கின் விட்டத்தை நேராக அளக்க முடியாது. டேப்பைச் சுற்றிக் கட்டிச் சுற்றளவை எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு ÷ 12.57 என்றால் பரப்பு வந்துவிடும். சுற்றளவு 345 சென்டிமீட்டர் என்றால் 345 × 345 ÷ 12.57, ஏறக்குறைய 9,470 சதுர சென்டிமீட்டர். நேராக நிற்கும் பகுதி 100 சென்டிமீட்டர் உயரம் என்றால் 9,47,000 கன சென்டிமீட்டர், அதாவது 947 லிட்டர். மேலே கூம்பிப் போகிற தோள் பகுதி தனி. பிளாஸ்டிக் டேங்கில் வெளியே புடைத்த வளையங்கள் இருக்கும். டேப்பை அவற்றின் மேல் சுற்றாமல் பள்ளத்தில் சுற்றுங்கள்.

22/7 போடலாமா என்றும் கேட்பார்கள். தாராளமாக. ஆயிரம் லிட்டருக்கு அரை லிட்டர்கூட வித்தியாசம் வராது. டேப் தொய்ந்தால் வருகிற பிழை அதைவிடப் பெரியது.

200 லிட்டர் டிரம் என்கிறார்களே, உண்மையிலேயே 200 தானா?

விளிம்புவரை நிரப்பினால் கொஞ்சம் கூடவே பிடிக்கும். உள்விட்டம் 57, உயரம் 85 சென்டிமீட்டர் இருக்கிற இரும்பு டிரம்மை எடுத்துக்கொண்டால் 57 × 57 × 0.785 × 85, சுமார் 217 லிட்டர் வருகிறது. 200 என்பது மேலே இடம் விட்டு நிரப்பும்போது உள்ள பெயரளவு.

வாளி மேலே அகலம், கீழே குறுகல். அதற்கு எப்படி?

மேல் வட்டம், கீழ் வட்டம் இரண்டின் ஆரமும் வேண்டும். மேல் ஆரம் 15, கீழ் ஆரம் 11, உயரம் 28 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல் ஆரத்தின் வர்க்கம் 225, கீழ் ஆரத்தின் வர்க்கம் 121, இரண்டு ஆரங்களையும் ஒன்றோடொன்று பெருக்கினால் 165. மூன்றையும் கூட்டினால் 511. அதை உயரம் 28 ஆல் பெருக்கி, 3.1416 ஆல் பெருக்கி, மூன்றால் வகுத்தால் 14,983. அதாவது 15 லிட்டர் வாளி.

பத்தாம் வகுப்பில் இடைக்கண்டம் என்று படித்தது இதைத்தான். தேர்வுக்கு இந்தச் சூத்திரம்தான் வேண்டும். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை: சராசரி ஆரம் 13 என்று எடுத்து நேர் உருளைபோலக் கணக்கிட்டால் 14,866 வருகிறது. வித்தியாசம் நூற்றுப்பத்து மில்லிலிட்டர் சொச்சம், ஒரு டம்ளர்கூட இல்லை.

குடத்துக்குச் சூத்திரம் உண்டா?

கழுத்து ஒடுங்கி, வயிறு பெருத்து, அடி தட்டையாக இருக்கிற பாத்திரத்துக்குச் சூத்திரம் தேடுவது வெட்டி வேலை. காலிக் குடத்தைத் தராசில் வையுங்கள். நிரப்பி மறுபடி வையுங்கள். இரண்டின் வித்தியாசம் எத்தனை கிலோவோ, ஏறக்குறைய அத்தனை லிட்டர். காலிக் குடம் 1.2 கிலோ, நிறைகுடம் 14.7 கிலோ என்றால் 13.5 லிட்டர். தராசு இல்லையா, ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி எண்ணுங்கள்.

அப்படியானால் ஒரு லிட்டரும் ஒரு கிலோவும் ஒன்றுதானா?

தண்ணீருக்கு மட்டும், அதுவும் ஏறக்குறைய. நம் ஊர் வெயிலில் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 996 கிராம் நிற்கும். பாலுக்குக் கிலோவைவிடக் கொஞ்சம் கூட. எண்ணெய்க்குக் குறைவு: ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டில் பக்கத்திலேயே 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். கடைக்காரர் எண்ணெயைக் கிலோ விலையில் சொல்கிறாரா லிட்டர் விலையில் சொல்கிறாரா என்று கேட்காமல் விலையை ஒப்பிடக் கூடாது.

இந்தக் குழப்பம் அளவை வகுத்தவர்களுக்கே இருந்திருக்கிறது. 1795-இல் பிரான்சில் லிட்டர் பிறந்தபோது அது ஒரு கன டெசிமீட்டர். 1901-இல், ஒரு கிலோ தண்ணீர் அடைத்துக்கொள்ளும் இடம்தான் லிட்டர் என்று மாற்றினார்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், பத்து லட்சத்தில் 28 பங்கு வித்தியாசம் நின்றுவிட்டது. 1964-இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டுப் பழையபடி லிட்டர் என்றால் கன டெசிமீட்டர் என்றே திரும்பிவிட்டார்கள். நம் சம்ப்புக்கு அந்த 28 பங்கு ஒரு பொருட்டே இல்லை. 6,480 லிட்டரில் அது 180 மில்லிலிட்டர்.

ஆனால் எடைக் கணக்கு மாடியில் பெரிய விஷயம். ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்பினால் ஒரு டன். இரண்டாயிரம் லிட்டர் வைத்தால் இரண்டு டன். ஆகவே அறையின் நடுவே தளத்தின்மேல் வைக்காமல், தூணோ சுவரோ வந்து தாங்குகிற இடமாகப் பொறியாளரைக் கேட்டு வையுங்கள்.

ஒரு மீட்டர் 100 சென்டிமீட்டர். அப்புறம் ஏன் ஒரு கன மீட்டர் 100 கன சென்டிமீட்டர் இல்லை?

பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இது. ஒரு மீட்டர் பக்கமுள்ள பெட்டியின் அடியில் ஒரு சென்டிமீட்டர் கட்டைகளை அடுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசைக்கு 100 கட்டை. அடித்தளம் முழுக்க நிரப்ப அதுபோல 100 வரிசை, அதாவது 10,000 கட்டை. பெட்டி நிரம்ப அப்படி 100 அடுக்கு. மொத்தம் பத்து லட்சம். நீளத்தில் 100 என்பது பரப்பில் 10,000 ஆகிறது, கன அளவில் 10,00,000 ஆகிறது.

ஆகவே ஒரு நல்ல பழக்கம்: முதலில் நீளங்களை மாற்றுங்கள், அப்புறம் பெருக்குங்கள். பெருக்கி முடித்துவிட்டு அலகை மாற்றப் போனால்தான் எத்தனை சுழியம் என்ற சந்தேகம் வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. லிட்டர் வரிசையில் ஒவ்வொரு படியும் பத்து மடங்குதான்: 10 மில்லிலிட்டர் ஒரு சென்டிலிட்டர், 10 சென்டிலிட்டர் ஒரு டெசிலிட்டர், 10 டெசிலிட்டர் ஒரு லிட்டர். கன வரிசையில் ஒவ்வொரு படியும் ஆயிரம் மடங்கு: 1,000 கன சென்டிமீட்டர் ஒரு கன டெசிமீட்டர், 1,000 கன டெசிமீட்டர் ஒரு கன மீட்டர். 'சென்டி' என்று இரண்டிலும் வருவதால் சென்டிலிட்டரும் கன சென்டிமீட்டரும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சென்டிலிட்டர் என்பது 10 கன சென்டிமீட்டர். இரண்டு வரிசையும் மூன்று இடத்தில் சந்திக்கின்றன, அந்த மூன்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்:

1 கன சென்டிமீட்டர் = 1 மில்லிலிட்டர்
1 கன டெசிமீட்டர் = 1 லிட்டர்
1 கன மீட்டர் = 1 கிலோலிட்டர் = 1,000 லிட்டர்

மருந்து ஊசியில் 'சிசி' என்று சொல்வது முதல் வரி. தண்ணீர் வரி ரசீதில் கிலோலிட்டர் என்று வருவது மூன்றாவது வரி.

கேலன் என்றால் எத்தனை லிட்டர்?

எந்த நாட்டுக் கேலன் என்று கேளுங்கள். பழைய பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். வயதானவர்கள் சொல்வது பெரும்பாலும் முதலாவது. இணையத்தில் வாங்கும் மீன்தொட்டி, ஃபில்டர் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது.

ஒரு படி எத்தனை லிட்டர்?

ஊருக்கு ஊர் படி வேறு. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டு படி ஒரு மரக்கால் என்ற கணக்கு சொன்னாலும், படியே மாறும்போது லிட்டருக்கு மாற்ற ஒரே எண் கொடுக்க முடியாது. பெட்டகத்தில் பாட்டியின் படி இருந்தால் தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள். தலைதட்டி அளப்பதும் கும்பமாக அளப்பதும் வேறு என்பதை நெல் விற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லாரியில் 9,000 லிட்டர் என்கிறார். சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

லாரி டேங்கின் குறுக்குவெட்டு பெரும்பாலும் முட்டை வடிவம். அகலத்தில் பாதி × உயரத்தில் பாதி × 3.1416 × நீளம் என்பது கணக்கு. அகலம் 2 மீட்டர், உயரம் 1.4 மீட்டர், நீளம் 4.1 மீட்டர் என்றால் 1 × 0.7 × 3.1416 × 4.1 = 9.02 கன மீட்டர். சரி, 9,000 லிட்டர்தான், முழுதாக நிரப்பியிருந்தால்.

படுத்திருக்கிற உருளையில் உயரம் பாதி என்றால் தண்ணீரும் பாதி. ஆனால் கால் உயரம் என்றால் தண்ணீர் கால் பங்கு இல்லை, ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, 19.5 சதவீதம். முக்கால் உயரத்தில் 80.5 சதவீதம். நடுவில் அகலம், மேலும் கீழும் குறுகல் என்பதால் வருகிற வித்தியாசம் இது.

லாரியின் மேல் ஏறி அளக்க யார் விடுவார்கள்? நம் சம்ப்பிலேயே பார்த்துக்கொள்வதுதான் மரியாதை. அடுக்ககச் சம்ப் 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் தரை 12 சதுர மீட்டர், சென்டிமீட்டருக்கு 120 லிட்டர். லாரி ஊற்றும் முன் ஒருமுறை, ஊற்றிய பின் ஒருமுறை குச்சி விடுங்கள். 9,000 லிட்டர் வந்திருந்தால் மட்டம் 75 சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். 65 தான் ஏறியது என்றால் வந்தது 7,800. இடையில் யாரும் மோட்டார் போடக் கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் லாரிக்காரர் மேல் வீண்பழி விழும்.

மழை 50 மில்லிமீட்டர் பெய்தது என்றால் என் மாடியில் எத்தனை லிட்டர்?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்பது 92.9 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டருக்கு 4,645 லிட்டர் விழுகிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. அதே மாடியில் அது 1,30,000 லிட்டர், மேலே சொன்ன 9,000 லிட்டர் லாரி பதினான்கு. தளம் உறிஞ்சுவது, ஆவியாவது, முதல் மழையில் அழுக்கோடு விடுவது எல்லாம் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்தாலும் நல்ல தண்ணீர்தான் மிஞ்சும்.

செய்தியில் வரும் டி.எம்.சி., கன அடி எல்லாம் லிட்டரில் எவ்வளவு?

டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அதாவது ஏறக்குறைய 2,832 கோடி லிட்டர். மேட்டூர் அணை 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. இருக்கும், லிட்டரில் 2.65 லட்சம் கோடி. செம்பரம்பாக்கம் ஏரி 24 அடியில் 3,645 மில்லியன் கன அடி, அதாவது மூன்றரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். லிட்டரில் சுமார் 10,300 கோடி.

'விநாடிக்கு 10,000 கன அடி திறப்பு' என்றால் விநாடிக்கு 2,83,000 லிட்டர். ஒரு நாள் முழுக்க 11,574 கன அடி வீதம் ஓடினால் ஒரு டி.எம்.சி. தீரும்.

அணைக்குச் சம்ப் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். பள்ளத்தாக்கு மேலே போகப்போக விரிகிறது. அதனால் மேட்டூரில் 60 அடி தண்ணீர் நின்றால் பாதிக் கொள்ளளவு இல்லை, அதைவிட மிகக் குறைவு. மேலே உள்ள ஒரு அடியில் அடங்கும் தண்ணீர் அடியாழத்து ஒரு அடியைவிடப் பல மடங்கு.

கணக்குப் போட்டுவிட்டேன். விடை சரியா என்று சோதிக்க வழி உண்டா?

உண்டு, ஒரு வாளியும் செல்போனில் நேரம் பார்க்கிற வசதியும் போதும். சம்ப்புக்குத் தண்ணீர் வரும் குழாயில் 15 லிட்டர் வாளியை வைத்து நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 30 விநாடி என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர். 6,480 லிட்டர் சம்ப் காலியிலிருந்து விளிம்புவரை நிரம்ப 216 நிமிடம், அதாவது 3 மணி 36 நிமிடம் பிடிக்க வேண்டும். பால் வால்வு முன்னதாக மூடிக்கொள்ளும் என்பதால் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள். குழாயில் வரத்து கூடிக் குறைவதால் பத்து இருபது நிமிடம் முன்பின் ஆவது சகஜம். ஒன்றரை மணி நேரத்திலேயே நிரம்பிவிட்டது என்றால், வெளி அளவை எடுத்தீர்களா என்றும், வெகுநேரம் கூடுதலாகப் பிடித்தது என்றால் 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று எழுதியதுபோல் அங்குலத்தைப் புள்ளியாக எழுதினீர்களா என்றும் நோட்டைத் திரும்பப் பாருங்கள்.